ஒல்லி ஸ்டெப்னி

ஒரு ஹெரால்டு காரை யாராவது காட்டினால் நான் பெயிண்டைப் பார்ப்பதில்லை. முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் அந்த அழகான பானட்டையும் அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் டிக்கியைத் திறந்து, உள்ளே தரையில் கிடக்கும் பலகையை உள்ளங்கையால் அழுத்துவேன். 'டப்' என்று படிந்து உட்கார்ந்தால் அடியில் ஒல்லி ஸ்டெப்னி இருக்கிறது. வண்டி தெரிந்தவர் கையில் இருக்கிறது. ஒரு மூலை தூக்கிக்கொண்டு ஆடினால் 165 மில்லிமீட்டர் அகல டயரைக் குழிக்குள் திணித்து வைத்திருக்கிறார்கள். மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை.

ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் வரிசையில் வைப்பதைக் கோவைப் பக்கத்து நண்பர்கள் சிலர் ஒப்புக்கொள்வதில்லை. 948 சிசி என்ஜினுக்கு அந்தப் பெயர் அதிகம் என்பது அவர்கள் கட்சி. ஆனால் 1962-ல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் இதே ஹெரால்டின் சேஸிஸைச் சுருக்கிச் செய்ததுதான். இரண்டுக்கும் உடம்பு வரைந்தவர் ஒரே இத்தாலிக்காரர், மிக்கெலாட்டி. சக்கரத்தின் நான்கு போல்ட்டும் நிற்கும் வட்டம்கூட இரண்டுக்கும் ஒன்றே. போதாதென்றால் ஒருநாள் போடிமெட்டுக்கு ஏறிப் பார்க்கட்டும். 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடிக்கும் வண்டி இது. அங்கே 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் பெரிய கார்கள் அகலம் வாங்கித் திரும்பும்போது, ஹெரால்டு உள்ஓரத்தை ஒட்டியே வளைந்து போகும். ஓட்டுகிறவன் சிரிக்காமல் இருக்க முடியாது. அந்தச் சிரிப்பைத் தருவதுதான் ஸ்போர்ட்ஸ் கார் என்பது என் கட்சி.

ஒல்லி ஸ்டெப்னியின் விஷயம் டயரின் அகலத்தில் இருக்கிறது. 1961-ல் சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி ஹெரால்டைச் செய்யத் தொடங்கியபோது அதன் காலில் இருந்தது 5.20-13. 5.20 அங்குலம் என்றால் 132 மில்லிமீட்டர். இன்றைக்குப் பெரிய வெளிநாட்டுக் கார்களின் டிக்கியில், 'தற்காலிகம்' என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதே என்று எழுதி, 60 பவுண்டு காற்றோடு கிடக்கிறதே அந்த ஒல்லி டயர், அதில் T125 என்று போட்டிருக்கும். 125 மில்லிமீட்டர். வித்தியாசம் 7 மில்லிமீட்டர்தான். உலகம் இன்று அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் அகலத்தில்தான் எங்கள் வண்டி நான்கு காலிலும் நின்று மலை ஏறியது. அதனால் ஹெரால்டுக்கு ஒல்லி ஸ்டெப்னி வைப்பதைச் சிக்கனம் என்றோ சமாளிப்பு என்றோ யாராவது சொன்னால் எனக்கு மனசு ஒப்பாது. அது அந்த வண்டியின் பிறவி அளவு.

ஸ்டெப்னி என்ற சொல்லை ஊரில் 'இரண்டாம்பட்சம்' என்கிற பொருளில் எறிவதும் எனக்குப் பிடிக்காது. வேல்ஸில் லானெல்லி என்ற ஊரின் ஒரு தெருப் பெயர் அது. 1904-ல் அங்கே பட்டறை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் செய்தது ஆரக்கால் இல்லாத ஒரு வளையம். அதில் காற்றடித்த டயர் தயாராக இருக்கும். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல் அதன் ஓரத்திலேயே அதைப் பிடிமானம் போட்டு இறுக்கி, கடை வரைக்கும் ஓட்டிப் போவார்கள். கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமலே விற்கப்பட்ட காலம். ஆக, முதல் ஸ்டெப்னியே தற்காலிகச் சாமான்தான். அளவில் முழுச் சக்கரத்தோடு போட்டியிடாமல் கடை வரை கொண்டுசேர்ப்பது அதன் பிறவிக் குணம். 1967-ல் அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனி மடங்கிக் கிடந்து காற்றடித்தால் விரியும் ஸ்டெப்னியைக் கொண்டுவந்ததும், எழுபதுகளில் போர்ஷே 911 அதே வகையை ஒரு சின்னக் கம்ப்ரஸரோடு வைத்துக்கொண்டதும் அந்தக் குணத்தின் தொடர்ச்சிதான்.

ஆனால் ஒல்லி என்பதற்காக எந்த ஒல்லியையும் போட்டுவிட முடியாது. ஹெரால்டின் போல்ட் வட்டம் 95.25 மில்லிமீட்டர். இன்றைய சின்னக் கார்களில் நிறைய இருப்பது 100. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒருமுறை கோவையில் ஒரு கடையில் "நாலு போல்ட் தானுங்க, உக்காந்துரும்" என்று ஒரு புது டிஸ்க்கை மாட்டிக் கொடுத்தார்கள். மூன்று நட்டு பிடித்தது. நாலாவதை ஸ்பேனர்மேல் ஏறி நின்று இறுக்கினார்கள். வேலந்தாவளம் தாண்டியதும் பின்னாலிருந்து 'டக் டக்' என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் ஒரு போல்ட் கழுத்தில் அறுந்து தொங்குகிறது. மற்ற மூன்றும் சாய்ந்திருந்தன. ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லாத வித்தியாசம்தான் அதைச் செய்தது.

என் தேர்வு இதுதான்: டிஸ்க் ஹெரால்டுடையதாகவே இருக்க வேண்டும், மூன்றரை அங்குல அகலத்தில், நெளிவில்லாமல். அதன்மேல் 145/80 R13. இந்த அளவு தேடி அலைய வேண்டியதும் இல்லை. இப்போதைய ஆல்டோ கே10-இன் காலில் இருப்பதே அதுதான். ஓடும் நான்கும் 155/80 என்றால் ஸ்டெப்னியின் மொத்த உயரம் 16 மில்லிமீட்டர்தான் குறையும்; அச்சில் 8. ஸ்டியரிங்கில் லேசாகத் தெரியும், அவ்வளவே. 165 போட்டவர்களுக்கு உயர வித்தியாசம் 32 ஆகிவிடும். மூன்றரை அங்குல டிஸ்க்கில் 165 பக்கவாட்டில் பிதுங்கி நிற்பதை அழகு என்கிறார்கள். வளைவில் அந்தப் பிதுக்கம் நெளிந்துகொடுக்கும்போது வண்டி சொல்பேச்சுக் கேட்பதில்லை.

அகலத்துக்கு அடுத்தபடி, அந்த ஒல்லியை எந்த மூலையில் மாட்டுவது என்பது இருக்கிறது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது சின்னார்க் காடு.

அப்பாவோடு கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாக மூணாறு போய்க்கொண்டிருந்தோம். அத்தை வீடு அங்கே தேயிலை எஸ்டேட் லயத்தில். ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டி, சின்னாரும் தாண்டி மறையூருக்கு ஏறும்போது பின் இடது டயர் போயிற்று. ரோட்டில் யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. நான் டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை எடுத்துப் பின்சக்கரத்துப் பக்கம் உருட்டினேன். "அங்க இல்லடா, முன்னால கொண்டா" என்றார் அப்பா. முன் இடது சக்கரம் நன்றாகத்தான் இருந்தது. அதைக் கழற்றி அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டினார். பிறகு பின்னால் ஜாக்கி போட்டுத் தூக்கினார். தூக்கத் தூக்க அந்தப் பின்சக்கரம் நேராக இறங்காமல், அடிப்பக்கம் உள்ளே போய், கோழி காலை மடக்கிக்கொண்டதுபோல நின்றது. "பாத்தியா, வளைவுல வேகமாப் போனா ரோட்டுலயும் இப்படித்தான் மடங்கும். இந்தக் காலுக்கு நல்ல டயர்தான் வேணும்" என்றார். முன்னாலிருந்து கழற்றிய முழு டயர் அங்கே போயிற்று. எல்லாம் முடிய அரைமணி நேரம், யானை வரவில்லை.

ஹெரால்டின் பின் அச்சைப் பற்றி அத்தனை பேர் அத்தனை பக்கம் எழுதியதை அப்பா ஒரு ஜாக்கியில் காட்டிவிட்டார். ஸ்பிட்ஃபயரில் இந்த மடக்கலை அடக்க 1970-ல் மார்க் 4 வரும்வரை கம்பெனிக்காரர்கள் காத்திருந்தார்கள். அன்று ஸ்டெப்னியாக இருந்தது பழைய 5.20 நைலான் டயர், ஓடியவை ரேடியல். நைலானும் ரேடியலும் கலந்தே தீர வேண்டுமென்றால் நைலான் முன்னால், ரேடியல் பின்னால்; மாற்றிப் போட்டால் வண்டி வாலைச் சுழற்றும். அந்தக் கணக்கிலும் அப்பா செய்தது சரி. "திருப்புற சக்கரத்துல ஒல்லியப் போடலாமா?" என்று வாதிடும் நண்பர்களிடம் நான் சத்தமாகச் சண்டை போடுவதில்லை. முன்பக்கம் பிடி விட்டால் வண்டி நேராக இழுக்கும். காலை எடுத்தால் அடங்கும். பின்பக்கம் விட்டால் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பும். இறக்கத்தில் மட்டும் ஒல்லி சீக்கிரம் வழுக்கும் என்பதால் இரண்டாம் கியரைவிட்டு மாறக்கூடாது.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்காரர்கள் ஐந்து டயரும் ஒரே அளவாக, ஐந்தையும் சுற்றிமாற்றி ஓட்ட வேண்டும் என்பார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு அது நூற்றுக்கு நூறு சரி. பசை டப்பாவும் ஊசியும் போதும், ஸ்டெப்னியே வேண்டாம் என்கிறவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம். ஹெரால்டின் பழைய டிஸ்க் டியூப் போட்டே ஓட வேண்டியது. மலைரோட்டுக் கல்லில் கிழிந்த டியூபைப் பசையால் அடைக்க முடியாது. 2020-ல் சட்டமே இடம் கொடுத்துவிட்டது: டயரின் காற்றளவைக் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் புதுக் கார்கள் ஸ்டெப்னி இல்லாமல் வரலாம். டிக்கியில் பெட்டி வைக்க இடம் கிடைத்தது. மறையூர் ஏற்றத்தில் இருட்டும் நேரத்துக்கு அந்த இடம் எதற்கு உதவும்?

கைகளும் மாறிவிட்டன. நட்டை விரலால் நூல் பிடிக்க வைத்து, எதிரெதிராக இறுக்கி, வண்டியை இறக்கியபின் மறுபடி ஒரு சுற்றுப் பார்க்கும் பஞ்சர்க்கடை அண்ணன்கள் குறைந்துபோனார்கள். எடுத்தவுடன் துப்பாக்கி வைத்து 'டர்ர்' என்று முறுக்கிவிடுகிறார்கள். அதை ரோட்டோரத்தில் வீல் ஸ்பேனரால் கழற்ற ஒரு பயில்வான் வேண்டும். டயர் வாங்கப் போனால் பட்டன் ஆழத்தைக் காட்டுகிறார்கள். பிறந்த தேதியைக் காட்டுவதில்லை. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் வருடத்தின் 23-ஆம் வாரம். ஓடாத டயர் கெடாது என்பது பெரிய தப்பு. பாலக்காட்டுப் பங்குனி வெயிலில் மூடிய டிக்கிக்குள் ரப்பர் சும்மா கிடந்தே வெடிக்கும். கட்டைவிரலால் பக்கவாட்டை வளைத்துப் பார்த்தால் மயிரிழைக் கீறல்கள் தெரியும்.

அப்பா காற்றடிக்கப் போனால் முதலில் ஸ்டெப்னிக்கு, பிறகுதான் மற்ற நான்குக்கும். நானும் அப்படியே. போன மாதம் பழைய 145-க்கு வயதாகிவிட்டதென்று புதிது வாங்கினேன். டிஸ்க்கைச் சுரண்டி, வெள்ளி பெயிண்ட் அடித்து, புது டியூப் போட்டு, வால்வு மேல்நோக்கி இருக்கும்படி குழிக்குள் இறக்கினேன். அடுத்த முறை பலகையை எடுத்தால் போதும், ஸ்டெப்னியை வெளியே தூக்காமலே காற்று பார்த்துவிடலாம். பலகையை மேலே வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். டப்.