பேறுகாலக் குளியலும் நம் வாசிப்பும்

பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாய்க்கு வெந்நீர் வார்க்கும் வழக்கத்தைத் 'தீட்டுக்கழிப்பு' என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடும் போக்கு நாட்டார் வழக்காற்றியல் எழுத்துகளில் காணப்படுகின்றது. இவ்வாசிப்புப் போதுமானதா என்பதே இங்கு எழும் வினா.

கேமரன் மலையைச் சான்றாகக் கொள்ளலாம். 1929-இல் 'போ' தேயிலைத் தோட்டம் தோற்றம்பெற்ற இம்மலைப்பகுதியின் நகர்கள் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்தவை. இக்குளிரில் பச்சை உடம்புக்காரிக்கு வெந்நீர் என்பது சடங்குப் பொருள் மட்டுமன்று. விறகும் தண்ணீரும் வார்த்துவிட ஒரு மூத்த பெண்ணின் உழைப்பும் சேர்ந்ததாகும். தீட்டு அவளை விலக்கி வைக்கின்றது. அவ்விலக்கே கொழுந்துக் கூடையிலிருந்து அவளுக்கு ஓய்வையும் நியாயப்படுத்துகின்றது. இம்முரணைக் கருதாத ஆய்வு குறையுடையதே.

மலாய்ப் பெண்களின் 'பந்தாங்' காலத்திலும் மூலிகைக் குளியல் உண்டு. அதனை உடல்தேற்றமாகக் காணும் நாம், நம்மவர் குளியலைத் தீட்டாக மட்டும் காண்பது ஏன்?

மலேசியச் சட்டப்படி மகப்பேற்று விடுப்பு 2023 சனவரி முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துள்ளது. ஆயின், வெந்நீர் வார்த்த மூதாட்டியரின் உழைப்பு எச்சட்டத்திலும் இடம்பெறுவதில்லை. இன்று தேயிலைத் தோட்டங்களில் அயல்நாட்டுத் தொழிலாளரே மிகுதி. எஞ்சியுள்ள தமிழ் மூதாட்டியரின் வாய்மொழியை இப்பொழுதே பதிவு செய்தல் நம் கடமையாகும்.