மின்னஞ்சல் சோதனை அளப்பது எதை?

ஒரே வேண்டுகோளைப் பத்து விதமாக எழுதினால் எது அதிகப் பலன் தரும்? எழுதியவர்களுக்கே தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். அவர்களுக்கும் தெரியாது என்பதை 2012ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் எடுத்துக்காட்டியது.

அத்தேர்தலில் பராக் ஒபாமாவின் பிரசாரக் குழு, ஆதரவாளர்களிடம் மின்னஞ்சல் வழியாக நன்கொடை கேட்டது. ஒரு கடிதத்துக்குச் சில வேளைகளில் 18 வடிவங்கள்கூட எழுதப்பட்டன. முகவரிப் பட்டியலிலிருந்து சிறு குழுக்களைப் பிரித்து, குழுவுக்கு ஒரு வடிவமாக அனுப்பிப் பார்ப்பார்கள். அதிகப் பணம் கொண்டுவந்த வடிவமே மற்ற இலட்சக்கணக்கானோருக்கும் போகும்.

இம்முறையின் வேர் வயலில் இருக்கிறது. 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்டு ஃபிஷர், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யச் சொன்னார். ஆட்களையும் அவ்வாறே பிரித்தால் வயது, வசதி போன்ற வேறுபாடுகள் எல்லாக் குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாகக் கலந்துவிடும். பிறகு வருவாயில் பெரிய வேறுபாடு தெரிந்தால், அதற்குக் காரணம் கடிதமே எனலாம்.

2012 ஜூனில், எதிரணி தம்மைவிட அதிகம் செலவழிக்கப்போகிறது என்ற பொருளில் தலைப்பிட்ட கடிதம் 26 இலட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. சோதனையில் கடைசி இடம் பெற்றதை அனுப்பியிருந்தால் சுமார் 4 இலட்சம் டாலர்தான் வந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். எது வெல்லும் என்று ஊழியர்கள் ஊகித்தவை பெரும்பாலும் தவறின. ஊகத்தைவிடச் சோதனை மேல் என்பதில் ஐயமில்லை.

குறை அளவுகோலில் இருக்கிறது. எத்தனை பேர் கடிதத்தைத் திறந்தார்கள், எவ்வளவு பணம் வந்தது என்பவை சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். படித்தவர் கொள்கையைப் புரிந்துகொண்டாரா, அவருடைய நம்பிக்கை வளர்ந்ததா என்பவை அவ்வளவு விரைவில் தெரியா. அளக்க எளிதானதை மட்டும் அளந்தால், அச்சமும் அவசரமும் ஊட்டும் வரிகள் மேலே வருவதில் வியப்பென்ன? அவற்றின் பலனும் நிலைப்பதில்லை. எழுத்துக்கு மஞ்சள் வண்ணம் பூசும் உத்தி சிலகாலம் பணம் கொணர்ந்தது. புதுமை தீர்ந்ததும் ஓய்ந்தது.

எத்தனை கடிதம் அனுப்பினாலும் பட்டியலிலிருந்து விலகியோர் சிலரே என்று அக்குழு கண்டது. இதை வைத்து மக்கள் சலிப்படையவில்லை என்று முடிவு கட்டலாமா? படிக்காமலே அழித்துவிடுகிறவரும் பட்டியலில் இருப்பவர்தானே!

வெப்பமானி பொய் சொல்வதில்லை. ஆனால் அதைக் கொண்டு எடை பார்க்க முடியாது. ஃபிஷரின் பாத்திகளுக்கு வாய் இல்லை. விளைச்சலை நிறுத்துப் பார்ப்பதே அங்குப் போதும். வாக்காளருக்குச் சொல்ல ஒரு கருத்து உண்டு. அதைக் கேட்க இந்தச் சோதனையில் இடமே இல்லை.

ஆகவே மாணவர்களே, 'சோதித்துக் கண்ட உண்மை' என்று எவரேனும் சொன்னால், எதை அளந்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். 'இன்றே, இப்போதே' என்று ஓர் அரசியல் கடிதம் உங்களை அவசரப்படுத்தினால், அந்த அவசரம் யாருக்கு என்றும் கேளுங்கள்.