மென்பொருளுக்குப் பின்னால் ஒரே ஓர் ஆள்

திருப்பூரில் ஒரு பனியன் உருவாகும் வழியை நீங்கள் அறிவீர்கள். நூல் நிட்டிங் பட்டறைக்குப் போகிறது. துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. பிறகு காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். எம்பிராய்டரியும் பிரிண்டிங்கும் இடையில் வேறெங்கோ நடக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ்ச் செய்யும் கம்பெனிகள் சிலவே. மற்றவை ஒரு வேலையை மட்டும் செய்து அடுத்த பட்டறைக்கு அனுப்புபவை. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதை ஊர் 2011-இல் கண்டது. அவ்வாண்டு ஜனவரி இறுதியில் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யலில் கழிவுநீர் கலப்பதே காரணம். நிட்டிங் எந்திரங்களில் பழுதில்லை. தையல்காரர்களின் கைத்திறன் குறையவில்லை. ஆயினும் சாயம் ஏறிய துணி வராததால் அவர்களும் கைகட்டி உட்கார நேர்ந்தது.

இதே போன்ற இன்னொரு சங்கிலி இன்று பனியன் கம்பெனிகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கூரையும் இல்லை, புகைபோக்கியும் இல்லை; ஆதலால் கண்ணில் படுவதில்லை. வெளிநாட்டு பையரின் ஆர்டர் கணிப்பொறிக்கு வருகிறது. கட்டிங் மார்க்கரும் கணிப்பொறியில்தான் போடப்படுகிறது. இ-இன்வாய்ஸ், அட்டைப்பெட்டியில் ஒட்டும் பார்கோடு, தொழிலாளியின் கைபேசிக்குப் போகும் ஷிப்ட் செய்தி ஆகிய எல்லாவற்றுக்கும் மென்பொருள் வேண்டும். பெரிய மென்பொருள்களின் பெயர் முதலாளிக்குத் தெரியும். அவற்றுக்குப் பணமும் கொடுக்கிறார். ஆனால் அந்தப் பெரியவற்றுக்குள்ளே நூற்றுக்கணக்கான சிறிய மென்பொருள்கள் பொதிந்து கிடக்கின்றன. ஒன்று கோப்பைச் சுருக்கும். ஒன்று பார்கோட்டின் கோடுகளை வரையும். ஒன்று தேதியையும் நேரத்தையும் கணக்கிடும்.

இவற்றுள் பல 'திறந்த மூல' மென்பொருள்கள். எழுதியவர் தம் நிரலை மூல வடிவிலேயே வெளியிட்டு, எவரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று உரிமமும் தந்துவிடுகிறார். பலகாரத்தோடு செய்முறைக் குறிப்பையும் சேர்த்துக் கொடுப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் விலையும் இல்லை. மிக நல்ல ஏற்பாடு! ஆனால், அந்தச் சிறு நிரலைப் பழுது பார்த்து, காலத்துக்கேற்பத் திருத்தி, காத்து வருபவர் யார் என்று கேட்டுப் பார்த்தால், பல நேரங்களில் விடை ஒரே ஓர் ஆளில் போய் நிற்கிறது. சம்பளமின்றி, மாலை நேரங்களில் வேலை செய்யும் ஆளாகவும் அவர் இருக்கக்கூடும். அவர் மேல் எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்பதைப் பயன்படுத்துவோர் அறியவே இல்லை. இந்த அறியாமையைத்தான் இக்கட்டுரை குறை கூறுகிறது.

'கொ' திரையில் தோன்றும் விதம்

உங்கள் கைபேசியில் 'கொ' என்று தட்டிப் பாருங்கள். திரையில் மூன்று துண்டுகள் தெரிகின்றன: முன்னால் ஒற்றைக் கொம்பு, நடுவில் 'க', பின்னால் கால். கணிப்பொறியின் நினைவகத்திலோ இந்த வரிசை இல்லை. அங்கே முதலில் 'க'வுக்கு ஒரு குறியெண், அடுத்து ஒகரக் குறிக்கு ஒரு குறியெண், அவ்வளவுதான். அந்த ஒற்றைக் குறியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை மெய்க்கு முன்னாலும் மறு பாதியைப் பின்னாலும் யாரோ நிறுத்த வேண்டும். 'கு', 'து', 'பு' ஆகிய மூன்றையும் எழுதிப் பாருங்கள். உகரம் ஒவ்வோர் எழுத்தோடும் ஒவ்வொரு விதமாக ஒட்டுகிறது. எந்த மெய்யோடு எந்த உயிர் சேர்ந்தால் எழுத்துருவிலிருந்து எந்த உருவத்தை எடுக்க வேண்டும் என்று தீர்மானிக்க ஒரு தனி நிரல் தேவை. அது தவறினால் கொம்பு ஓரிடத்திலும் 'க' ஓரிடத்திலுமாகச் சிதறும். பழைய கைபேசிகளில் தமிழ்ச் செய்தி உடைந்து உடைந்து வந்ததைப் பலர் பார்த்திருக்கலாம்.

ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலும், லிப்ரே ஆபீசிலும் இவ்வேலையைச் செய்வது 'ஹார்ஃப்பஸ்' என்னும் திறந்த மூல நிரல். 'எழுத்து' என்றும் 'திறந்த' என்றும் பொருள்படும் இரு பாரசீகச் சொற்களால் ஆன பெயர் அது. தமிழ் மட்டுமன்று; பீகாரிலிருந்து வந்த செக்கிங் தொழிலாளி படிக்கும் தேவநாகரியையும், ஒடிசாவிலிருந்து வந்தவர் படிக்கும் ஒடியாவையும் அவர்களுடைய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் கோத்துத் தருவது இதுவே. திருப்பூரில் ஒரு நாளில் எத்தனை செய்திகள் இதன் வழியாகக் கடந்து செல்லும், எண்ணிப் பாருங்கள்! இந்தப் பெயரை அறிந்த பனியன் கம்பெனி ஒன்றேனும் இருக்குமா என்பது ஐயமே.

ஹார்ஃப்பஸின் தலைமை நிரலாளர் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத், ஈரானில் பிறந்து கனடாவில் குடியேறியவர். 2020 ஜனவரியில் உறவினரைப் பார்க்கத் தெஹ்ரான் சென்றிருந்தபோது அந்நாட்டுப் புரட்சிக் காவல்படை அவரைக் கைது செய்தது. எவின் சிறையில் ஒரு வாரம் அடைத்து வைத்தார்கள். தங்களுக்கு உளவு சொல்லும்படி நெருக்கினார்கள். விடுதலையாகி வெளிநாடு திரும்பிய பிறகு, அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் இதை வெளிப்படையாகச் சொன்னார். நிரலின் நுணுக்கங்களை எல்லாரையும்விட நன்கறிந்த மனிதர் சிறையில் இருந்த அந்த ஏழு நாட்களில் திருப்பூரில் எவருக்கும் எதுவும் தெரியாது. எழுத்துகள் வழக்கம் போல் தோன்றிக்கொண்டுதான் இருந்தன.

அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. வெளியாகிவிட்ட நிரல், எழுதியவர் இல்லாவிட்டாலும் ஓடும். தவிரவும், அதற்குள் வேறு சில திறமையாளர்களும் அந்தப் பணியில் சேர்ந்திருந்தனர். பெரிய நிறுவனங்கள் தம் பொறியாளர்களைச் சம்பளம் கொடுத்து அதில் ஈடுபடுத்தியிருந்தன. ஆக, இது நல்லபடி முடிந்த கதை. நல்லபடி முடியாத கதைகளும் உண்டு.

அரை விநாடித் தாமதம்

லினக்ஸ் கணிப்பொறிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் ஒரு சிறு நிரலின் பெயர் 'எக்ஸ்இசட்'. பின்லாந்து நாட்டின் லாசே காலின் என்பவர் ஊதியமின்றி, ஏறக்குறைய தனியாளாகவே அதைப் பல ஆண்டுகள் காத்து வந்தார். உலகின் எண்ணற்ற சர்வர்களில் அது இருந்தது. 2021-இல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் வந்து சிறு சிறு திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். 2022-இல் முன்பின் அறியாத வேறு சில பெயர்களிலிருந்து காலினுக்குக் கடிதங்கள் வந்தன: வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் கொடு என்று. தமக்கு நீண்ட நாளாக மனநலக் குறைவு இருக்கிறது என்றும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதை நினைவில் வைக்க வேண்டும் என்றும் அவர் பணிவாகவே பதில் எழுதினார். அப்போது பக்கத்தில் உதவிக்கு நின்றவர் யார்? ஜியா டான் ஒருவர்தான். படிப்படியாகச் சாவி அவர் கைக்குப் போயிற்று.

2024-இன் தொடக்கத்தில் வெளியான 5.6.0, 5.6.1 ஆகிய இரு பதிப்புகளில் அந்த ஆள் ஒரு மறைவாசலை வைத்திருந்தார். இரகசியத் திறவுகோலை வைத்திருப்பவர் பிறருடைய கணிப்பொறிக்குள் தொலைவிலிருந்தே நுழைந்துவிடலாம். எந்தப் பாதுகாப்புத் துறையும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டவர் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர். வேறொரு வேலைக்காகத் தம் கணிப்பொறியைச் சோதித்துக்கொண்டிருந்த அவர், உள்நுழைவுக்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்தார். நல்ல நிட்டிங் பிட்டர் எந்திரத்தின் ஒலி மாறியதைக் கேட்டே ஊசி உடைந்ததைச் சொல்லிவிடுவதுண்டல்லவா, அந்த ரகக் கவனம் அது. தேடிப் போனார், மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். சோதனைப் பதிப்புகளை வைத்திருந்தவர்களோடு ஆபத்து நின்றது. இன்னும் சில மாதம் கழிந்திருந்தால் அது எங்கெல்லாம் பரவியிருக்குமோ! ஜியா டான் என்பவர் யார் என்பது இன்றளவும் வெளிப்படவில்லை. நஞ்சை நீக்கி 2024 மே மாதத்தில் அடுத்த பதிப்பை வெளியிட்டவர் அதே லாசே காலின்தான்.

தனியாள் சோர்ந்தால் ஏற்படும் ஆபத்து இது. தனியாள் சினந்தால்? 2016 மார்ச்சில் அஜர் கோச்சுலு என்பவர், ஒரு பெயர்த் தகராறில் மனம் கசந்து, தாம் வெளியிட்டிருந்த நிரல்கள் அனைத்தையும் பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அவற்றுள் ஒன்று வெறும் 11 வரி. சொல்லின் இடப்புறம் வெற்றிடம் நிரப்புவதற்கானது. அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான மென்பொருள்களைப் புதிதாகக் கட்டியெழுப்ப முடியாமல் போயிற்று. கிடங்கை நடத்தியோர் இரண்டு மணி நேரத்துக்குள் அதைத் திரும்ப வைத்ததால் பிழைத்தார்கள். கோச்சுலுவைத் திட்டியவர்கள் பலர். பதினொரு வரியைத் தாமே எழுதிக்கொள்ளாமல் இரவல் வாங்கியவர்களை அந்த அளவுக்கு யாரும் திட்டவில்லை என்பதுதான் வேடிக்கை.

திறந்த மூலத்தை ஆதரிப்போர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: நிரல் எல்லார் கண்ணுக்கும் திறந்திருப்பதால் குறைகள் தாமே வெளிப்பட்டுவிடும் என்பது. பார்க்கலாம் என்பது வேறு, பார்க்கிறார்கள் என்பது வேறு. எக்ஸ்இசட் எல்லார் கண்ணுக்கும் திறந்தே கிடந்தது. பொதுக் கிணறு ஊருக்கெல்லாம் சொந்தம். தூர் வாரும் நாளில்தான் ஆள் தெரியும்.

அப்படியானால் காசு கொடுத்து மூடிய மென்பொருளை வாங்கினால் போதாதா என்று வாசகர் கேட்கலாம். அந்த முடிவும் சரியன்று. ஒரு சிறு கம்பெனிக்காக உள்ளூர் நிரலாளர் ஒருவர் பில் போடும் மென்பொருளையோ பீஸ் ரேட் கூலிக் கணக்கையோ எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகளில் அவர் வெளிநாடு போய்விடுகிறார். மூல நிரல் அவருடைய மடிக்கணினியோடு போயிற்று. வரி விகிதம் மாறும்போது யாரால் திருத்த முடியும்? அங்கேயும் ஆள் ஒருவர்தான். போதாததற்குக் கதவும் பூட்டிக் கிடக்கிறது. திறந்த மூலத்தில் ஆள் போனாலும் நிரல் நம்மிடம் இருக்கும். தெரிந்த ஒருவர் எடுத்துத் தொடரலாம். இந்த ஒரு நன்மையே அதைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணம் என்பது என் கருத்து. ஆனால் 'தெரிந்த ஒருவர்' என்று சொன்னேனே, அவர் வேண்டும். அவரை நாம் உருவாக்கியிருக்கிறோமா?

எம்பிராய்டரித் துறையை எடுத்துக்கொள்வோம். எம்பிராய்டரி எந்திரங்கள் பரவலாக ஏற்கும் தஜிமா கோப்பில் ஒவ்வொரு தையலும் மூன்றே பைட்டுகளில் அடங்குகிறது. ஊசி முந்தைய இடத்திலிருந்து எவ்வளவு நகர வேண்டும் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக் கணக்கில் எழுதப்படுகிறது. விலை மிகுந்த வணிக மென்பொருள் வாங்க இயலாத இளைஞர், வீட்டுக் கணிப்பொறியில் டிசைன் பஞ்சிங் பழகுவதற்கு 'இங்க்ஸ்டிச்' என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. அதை வளர்ப்பவர்கள் ஒரு சிறு குழுவினர். வெவ்வேறு எந்திரங்களின் கோப்புகளைப் படிக்க அது நம்பி வந்த உள் நிரலோ, பெரும்பாலும் ஒரே தன்னார்வலரின் உழைப்பு. எம்பிராய்டரி எந்திரங்கள் இரவு பகலாக ஓடும் ஊரிலிருந்து இத்தகைய பணிக்குக் கைகள் வராமலிருப்பது எனக்கு விளங்கவில்லை. தையல் சரியாக விழுகிறதா என்று உண்மைத் துணியில் சோதித்துச் சொல்வதற்குத் திருப்பூரைவிடத் தக்க இடம் எது? அதற்கு நிரல் எழுதக்கூடத் தெரிய வேண்டியதில்லை. எந்தத் துணியில், எந்த வேகத்தில், எந்த இடத்தில் நூல் அறுந்தது என்று ஒழுங்காகக் குறித்து அனுப்பினால் அதுவே பேருதவி. பாலிடெக்னிக் மாணவர்களும் தமிழ்வழி படித்தவர்களும் இதில் தயங்க வேண்டிய காரணமே இல்லை. ஆங்கிலம் தடுமாறினாலும் படம் எடுத்து அனுப்பலாம்.

செலவு பெரிதாகுமோ என்ற அச்சமும் வேண்டாம். கடிதங்களை மறைகுறியாக்கும் 'குனூபிஜி' என்ற நிரலை ஜெர்மனியின் வெர்னர் கோக் 1997 முதல் எழுதி வருகிறார். அவர் பணமின்றித் தவிப்பது 2015 பிப்ரவரியில் செய்தியாக வந்தது. உடனே ஃபேஸ்புக், ஸ்ட்ரைப் என்ற இரு நிறுவனங்கள் ஆண்டுக்கு 50,000 டாலர் வீதம் தருவதாக முன்வந்தன. அந்நிறுவனங்களுக்கு அது எம்மாத்திரம்! செய்தி வரும் வரை கேட்பாரில்லை என்பதுதான் வருத்தம்.

சாயப்பட்டறைகளின் கதையும் இப்படித்தான் சென்றது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பை வீண் செலவாகக் கருதிய காலம் ஒன்று இருந்தது. 2011-க்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் செப்பனிடப்பட்டன. மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. இப்போது பட்டறைகள் சுத்திகரிப்புக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்தே சாயக் கூலி சொல்கின்றன. மென்பொருளுக்கும் இத்தகைய கணக்கு ஒன்றைத் தொடங்கலாம். முதலில், கம்பெனியின் கணிப்பொறிகளில் என்னென்ன நிரல்கள் இருக்கின்றன, அவற்றைக் காப்பவர் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் வேண்டும். கணிப்பொறி படித்த மாணவர் ஒருவரைச் சில வாரம் அமர்த்தினால் ஆகிவிடும். முக்கியமானவற்றின் மூல நிரலுக்கு ஒரு பிரதி கைவசம் இருக்கட்டும். கணக்கு விவரங்களை எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய எளிய வடிவிலும் சேமித்து வையுங்கள். பிறகு, அந்தத் தனியாட்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை. தொழில் அமைப்புகள் கூடிச் செய்தால் ஒரு கம்பெனியின் பங்கு, ஜெனரேட்டருக்குக் கட்டும் ஆண்டுப் பராமரிப்புத் தொகையைவிடக் குறைவாகவே இருக்கும். எந்தத் தலைப்பில் எழுதுவது, நன்கொடை என்றா என்று கணக்காளர் கேட்பார். ஜெனரேட்டருக்கு எந்தத் தலைப்போ அதே தலைப்பில், பராமரிப்புச் செலவு என்று எழுதச் சொல்லுங்கள்.