மூன்று மாதக் கட்டம்

பலர் கூடி எழுதும் மென்பொருளின் காலாண்டுத் திட்ட அட்டவணையைப் பார்த்தால் எனக்கு இலங்கையின் கண்டிப் பெரஹரா ஊர்வலத் திருவிழாதான் நினைவுக்கு வரும். கப் என்னும் புனிதக் கம்பத்தை நட்டபின் ஐந்து இரவு தேவாலயங்களுக்குள்ளேயே ஊர்வலம். பிறகு ஐந்து நாள் கும்பல் பெரஹரா, ஐந்து நாள் ரந்தோலி பெரஹரா, கடைசியில் கெட்டம்பேயில் மகாவலி ஆற்றில் நீர்வெட்டுச் சடங்கு. ஊர்வலத்தில் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைக்குப் பின்னால் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்கள். இந்த வரிசை பிசகாது.

அட்டவணையிலும் அப்படித்தான். இடமிருந்து வலமாகக் காலம், வரிக்கு ஒரு குழு, பட்டையின் நீளமே வேலையின் நீளம். எந்த ஊர்க்காரரும் ஒரே பார்வையில் படித்துவிடலாம் என்பதுதான் இதன் அழகு. ஹென்றி காண்ட் 1910களில் பரப்பிய வடிவம் இது. போலந்தின் கரோல் அடமியெக்கி 1896லேயே இதுபோல் ஒன்றை வகுத்திருந்தார், பாவம், பெயர் காண்டுக்குப் போயிற்று.

இப்படிப் பலர் கூடி எழுதும் மென்பொருள்களில் எனக்குப் பிடித்தது உபுண்டு இயங்குதளத்தின் வெளியீட்டு ஒழுங்கு. 2004 முதல் ஏப்ரலில் ஒரு பதிப்பு, அக்டோபரில் ஒரு பதிப்பு. முடியாத வேலை அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கும், நாள் பொதுவாக நகராது. பதிப்பின் எண்ணே ஆண்டும் மாதமும்தான். அதனால் தாமதத்தை ஒளிக்கவும் வழியில்லை: 2006 ஏப்ரலில் வரவேண்டியது ஜூனுக்குத் தள்ளிப்போனது, எண்ணும் 6.06 என்றே நின்றுவிட்டது.