தோடியை நேராக்கும் பொத்தான்

1990களின் தொடக்கத்தில் வந்த டாஸ் கணினி விளையாட்டுகள் பலவற்றில் இசை ஒலிப்பதிவாக இருக்கவில்லை. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்ற கட்டளைகளை மட்டும் மிடி (MIDI) என்ற முறை வழியாக ஒலிக்கருவிக்கு அனுப்பின. இன்று டாஸ்பாக்ஸ் மென்பொருளில் அவற்றை ஓடவிட்டு அந்தக் கட்டளைகளைக் கோப்பாகப் பிடிக்கிறார்கள். பிடித்த கோப்பு கரடுமுரடாக இருக்கும். பாட்டின் உண்மையான தாளக்கணக்கு அதில் இருக்காது. தொடக்கத்தில் வெற்று அமைதி, பிறகு ஒரே பகுதி திரும்பத் திரும்ப. ரோலண்ட் எம்டி-32 கருவிக்கு எழுதிய இசையை, 1991இல் வந்த ஜெனரல் மிடி முறைப்படி ஒலிக்கவிட்டால் வாத்தியங்கள் இடம் மாறிவிடும். ஆகவே வெட்டுகிறார்கள், வாத்திய எண்களை மாற்றுகிறார்கள், சுரங்களைத் தாளக்கட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அந்த இசைக்கு இது பொருத்தமான வேலை. அதை எழுதியவரே கட்டத்துக்குள்தான் எழுதினார்.

இதே கருவிகளும் பழக்கமும் கர்நாடக இசைக்கும் வந்துவிட்டன. கீபோர்டில் வாசித்த கீர்த்தனையை மிடியாகப் பிடிக்கிறார்கள். பழைய கச்சேரிப் பதிவை மென்பொருளிடம் கொடுத்துச் சுரங்களாக மாற்றுகிறார்கள். இதைக் கேட்டதும் நம்மில் பலர் சொல்வது, மிடிக்குக் கமகம் வராது என்பது. அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. குறை மிடியில் இருப்பதைவிட, பிடித்த பிறகு செய்கிற திருத்தத்தில்தான் அதிகம்.

தஞ்சாவூர் வீணையைப் பாருங்கள். மெழுகில் பதித்த 24 மெட்டுகள், ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. மெட்டில் விரல் வைத்தால் சுரம், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் கமகம். மிடியும் ஏறக்குறைய இப்படித்தான் சிந்திக்கிறது: ஒரு சுரக் கட்டளை, அதன்மேல் ஓர் இழுப்புக் கட்டளை. அந்த இழுப்புக்கு 16,384 படிகள் உண்டு. மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் என்ற வழக்கமான அளவில், ஓர் அரைச்சுரத்துக்குள் 4,096 படிகள். தஞ்சையில் இருந்துகொண்டு 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், ஸ்தாயியை 22 சுருதியாகப் பிரிப்பது தவறு, சம அளவான 24 என்பதே சரி என்று அந்தப் பெரும் நூலில் வாதாடினார். அவர் கேட்ட நுணுக்கத்தைப்போலப் பல மடங்கு இந்த எளிய கோப்பில் அடங்கும்.

சில உருப்படிகளுக்கு அந்த நுணுக்கமும் தேவையில்லை. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், ஆங்கிலேய பேண்டு இசை மெட்டுகளுக்கு சாகித்தியம் செய்த நோட்டுஸ்வரங்கள் அப்படிப்பட்டவை. ‘சந்ததம் பாஹிமாம்’ ஆங்கிலேய அரச கீதத்தின் மெட்டு. சுரங்கள் நேராக நிற்கும். மிடியில் பிடித்து, கட்டத்தில் பொருத்தி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். இழப்பு மிகக் குறைவு.

தோடியில்தான் சிக்கல். அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்தின் பக்கமிருந்து மத்யமத்தின் பக்கம் அசைந்து, அந்த அசைவாலேயே காந்தாரமாகிறது. நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை மென்பொருளிடம் கொடுத்தால், ஒரே காந்தாரத்தை ரி, ம, ரி, ம என்று துண்டு துண்டாக எழுதித்தரும். அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஒரே சுரமாக்கி, அதன்மேல் இழுப்பை வரைவது நல்ல திருத்தம். அதைச் செய்யத் தோடி தெரிந்த காது வேண்டும். பலர் செய்வது வேறு. துண்டுகளைப் பிழை என்று அழிக்கிறார்கள், மிஞ்சியதைச் சாதாரண காந்தாரத்தில் நேராக நிறுத்துகிறார்கள், தாளக்கட்டத்தில் நிறுத்தும் ‘குவாண்டைஸ்’ பொத்தானை அமுக்குகிறார்கள். களையெடுக்கப் போய் நாற்றைப் பிடுங்கிவிட்டு வருகிற வேலை இது. திரையில் கோப்பு மிக அழகாக இருக்கும், தோடி இருக்காது.

இன்னொரு பிழை கண்ணுக்கே தெரியாது. இழுப்பு எத்தனை சுரம் வரை போகும் என்ற அளவைக் கோப்பின் தொடக்கத்தில் எழுதவேண்டும். வாசித்தவர் தம் கருவியில் ஐந்து அரைச்சுரம் வைத்திருப்பார். கோப்பில் அது இல்லையென்றால் அடுத்த கருவி இரண்டு என்று எடுத்துக்கொள்ளும். கமகங்கள் எல்லாம் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். கேட்பவர் வாசித்தவரைக் குறை சொல்வார். இழுப்பு ஒரு தடத்திலுள்ள எல்லாச் சுரங்களையும் சேர்த்து அசைக்கும் என்பதால், வீணையின் தாளத்தந்திகளுக்கு வேறு தடம் கொடுக்காவிட்டால் அவையும் சேர்ந்து ஆடும். நாகஸ்வரத்தின் நிலைமை இன்னும் மோசம். ஜெனரல் மிடியின் 128 வாத்தியங்களில் ஷெனாய் இருக்கிறது, நாகஸ்வரம் இல்லை. தாளவாத்தியப் பட்டியலில் தவிலும் இல்லை. சீவாளியில் உதடும் மூச்சும் செய்கிற வேலையை ஷெனாய் எண்ணில் போட்டுக் கேட்பது, காவிரிக்கரை ஊர்களில் மல்லாரி கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பெரிய வருத்தம்.

இந்தப் பிரச்சினை புதிதும் அல்ல. சின்னசாமி முதலியார் 1893இல் தியாகராஜர் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஐந்துகோட்டு முறையில் அச்சிட்டார். பெரும் உழைப்பு. ஆனால் அந்தக் கோடுகள் கமகத்துக்காக வரையப்பட்டவை அல்ல. திருவாரூரில் பிறந்து எட்டயபுரத்தில் வாழ்ந்த சுப்பராம தீட்சிதரை, தம்மிடமிருந்த உருப்படிகளை வெளியிடும்படி தூண்டியவரும் அவரே. 1904இல் வந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் கம்பிதம், நொக்கு, ஜாரு, ஒதுக்கல் என ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி இருக்கிறது. அசைவைப் பிழையாகப் பார்க்காமல், எழுதவேண்டிய செய்தியாகப் பார்த்தார் சுப்பராம தீட்சிதர். நம் காலத்தில் எம். சுப்பிரமணியன் உருவாக்கிய ‘காயக’ மென்பொருளும் கமகத்தை நுண்சுரங்களாக எழுதச் சொல்கிறது. மிடி திருத்துபவர்கள் கற்கவேண்டிய இடம் இதுதான். விளையாட்டு இசைத் திருத்தத்தின் வழிமுறைகளை அப்படியே எடுத்துக்கொள்வதால் பயனில்லை.

மிடியால் உண்மையான நன்மை உண்டு. சுருதியைக் கெடுக்காமல் வேகத்தைப் பாதியாக்கிக் கேட்கலாம். ஒரு சங்கதியை மட்டும் நூறு முறை ஓட்டலாம். மாணவருக்கு இது பெரிய உதவி. ஆகவே பிடியுங்கள். ஆனால் பிடித்த மூலக்கோப்பைத் தொடாமல் வைத்து, நகலில் மட்டும் கை வையுங்கள். இழுப்பு அளவையும் கட்டையையும் யாருடைய பாடாந்தரம் என்பதையும் அதோடு எழுதுங்கள். வாசித்த ஒலிப்பதிவையும் சேர்த்து வையுங்கள். திருத்திய கோப்பை, அந்த ராகம் பாடத் தெரிந்த ஒருவர் கேட்டுச் சரி சொன்ன பிறகே அடுத்தவருக்குக் கொடுங்கள்.