புறநானூறு 32: சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாசிப்பு

புறநானூற்றின் 32ஆம் பாட்டு, கோவூர் கிழார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது. நம்ம சுற்றத்தோட சமையல் பானை நிறையணும்னா வஞ்சியையே கொடுப்பான், விறலியர் சூடும் பூவுக்கு விலையா மதுரையையே கொடுப்பான், வாங்க பாடுவோம் என்று போகிறது. முடிவில் ஓர் உவமை: நல்ல அறிவுள்ள குயவர் வீட்டுச் சிறுவர்கள் சக்கரத்தில் வைத்த பச்சை மண், அவர்கள் நினைத்த உருவத்தை எடுக்கும், அதுபோல இந்த நாடும் அவன் எண்ணியபடி ஆகும்.

மன்னன் நினைத்தால் நடக்கும், அவ்வளவுதான் பொருள் என்று பெரும்பாலும் இதைக் கடந்துவிடுகிறோம். மண் சொன்னபடி கேட்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிற வாசிப்பு அது. நாற்பது வயசுல சக்கரம் பழகப் போனவங்க யாரும் இதை லேசில் ஒத்துக்க மாட்டாங்க.

முதல் பாடம் பானை செய்வதில்லை. மண் உருண்டையை நடுவுக்குக் கொண்டுவருவது. சக்கரம் நிமிடத்துக்கு 120 சுற்று சுற்றினால் ஒரு சுற்றுக்கு அரை நொடி. கையில் ஒரு மேடு இடிக்குது. அதை உணர்ந்து விரல் அழுத்துவதற்குள் ஏறக்குறைய கால் நொடி போய்விடும். அதற்குள் மேடு எதிர்ப்பக்கம் போயிருக்கும், அழுத்தம் பள்ளத்தில் விழும். ஆட்டம் கூடும். மென்பொருள்காரர்களுக்குத் தெரிந்த தொல்லைதான் இது: தாமதமாக வரும் திருத்தம் பிழையைப் பெருக்கும். வழி ஒன்றுதான். முழங்கையைத் தொடையில் ஊன்றி, கையை அசைக்காமல் வைக்கணும். மண் சுற்றிச் சுற்றி வந்து கைக்கு ஏற்ப ஒழுங்காகும். துரத்தித் திருத்துறதைக் கைவிடுறதுதான் வளர்ந்தவர்களுக்குக் கஷ்டம்.

இதை மனசில் வைத்துக்கொண்டு பாட்டுக்குத் திரும்பினால் இரண்டு விஷயம் கண்ணில் படுகிறது. ஒன்று, புலவர் வெறுமனே 'குயவன்' என்று சொல்லவில்லை, சிறுவர்கள் என்கிறார். பேசக் கற்ற மாதிரியே சக்கரத்தையும் கற்றவர்கள். இரண்டு, அவர்களுடைய குடிக்கு அவர் தரும் அடைமொழி கைத்திறனைப் பற்றியது இல்லை, அறிவைப் பற்றியது. நினைத்தபடி மண் வருவது அதிகாரத்தால் இல்லை, பழக்கமாகிப்போன அறிவால் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

புலவர் அவ்வளவு யோசித்திருப்பாரா, இது வெறும் புகழ்ச்சிப் பாட்டுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா, இதே கோவூர் கிழார்தான் 45ஆம் பாட்டில், உறையூரை முற்றுகையிட்ட இதே நலங்கிள்ளியையும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியையும் பார்த்து, யார் தோற்றாலும் தோற்பது சோழர் குடிதான் என்று சொன்னவர். மன்னன் நினைப்பதெல்லாம் சரி என்று நம்பிய ஆள் இல்லை.

பாட்டு சமையல் பானையில் தொடங்கிச் சக்கரத்தில் முடிவதும் கவனிக்க வேண்டியது. நம்ம ஊர்ச் சமையல் பானை சக்கரத்தோடு முடிந்துவிடுவதில்லை. சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்து, உள்ளே கல்லைப் பிடித்து வெளியே பலகையால் தட்டித்தான் அடி உருண்டையாகும். இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல் போல, காய்ந்தால் பாளமா வெடிக்கிற மண்ணை அப்படியே வைத்தால் பானை உலரும்போதே விரியும். எந்த மண்ணோடு எவ்வளவு மணல் என்பதும் அந்த அறிவில் சேர்ந்ததுதான்.

புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி போன்ற இடங்களால், குயவர் குடியில் பிறக்காதவர்களும் சக்கரத்தில் உட்கார முடிகிறது. நல்ல விஷயம். இன்னிக்கு நகரத்து வார இறுதி வகுப்புகள் 'மன அமைதி' என்று விளம்பரம் செய்கின்றன. அங்கே போகிறவர்கள் கோணல் கிண்ணத்தோடு திரும்பி வந்தால் பரவாயில்லை. ஊர்ச் சந்தையில் பானைக்குப் பேரம் பேசும்போது எந்த அறிவுக்கு விலை குறைக்கிறோம் என்று தெரிந்தால், கட்டிய பணம் வீணில்லை. கோவூர் கிழார் அந்த அறிவுக்குப் பெயர் சொல்லிவிட்டுத்தான் மன்னனையே பாடினார்.