‘ஆவாரா’ : இளமைக் கேண்மையும் குலநீதியும்

இளம்பருவத்தில் உடனாடிய இருவர் வளர்ந்தபின் காதலராதல் இலக்கியத்திற்குப் புதியதன்று. சிறுவயதில் ஒருவர் தலைமயிரை ஒருவர் பற்றியிழுத்துப் பூசலிட்ட இருவர், பின்னர்க் கூடிவாழத் துணிந்தமையைக் குறுந்தொகையில் மோதாசனார் பாடியுள்ளார். ஆங்கு அவர்களைக் கூட்டுவது நல்லூழ். 1951ஆம் ஆண்டு ராஜ்கபூர் தயாரித்து நெறிப்படுத்திய ‘ஆவாரா’ என்னும் இந்திப் படத்திலோ, அத்தகைய இருவரிடையே வறுமையும் களவும் கொலையும் குறுக்கிடுகின்றன. காதற்கதை குற்றக்கதையாக விரியும் இப்படத்தின் சிறப்பும் குறையும் அக்குறுக்கீட்டின் கண்ணேயே காணத்தக்கன.

நல்லோர் மகன் நல்லோனாவான், கள்வன் மகன் கள்வனேயாவான் என்பது நீதிபதி இரகுநாத்தின் கொள்கை. ஜக்கா என்பானைக் கள்வர் குடிப்பிறப்பே சான்றாகக் கொண்டு அவர் தண்டிக்கின்றார். அதனால் மெய்யாகவே கொள்ளையனாகிய அவன், பழிதீர்க்கும் பொருட்டு நீதிபதியின் மனைவியைக் கவர்ந்து சென்று, பின் விடுவிக்கின்றான். கருவுற்றிருந்த அவளை ஐயுற்ற கணவன் இல்லினின்றும் துரத்துகின்றான். சீதையின் துயரை நினைவூட்டும் பாடலொன்றை இவ்விடத்து அமைத்தமை பொருத்தமுடையதே.

தெருவிற் பிறந்த ராஜ் பள்ளியில் ரீட்டாவின் தோழனாகின்றான். வறுமையாற் பள்ளியை இழந்து, நோயுற்ற தாய்க்காக ரொட்டி திருடிச் சிறை புகுகின்றான். சுவரில் மாட்டிய ரீட்டாவின் படம் ஒன்றே அவன் இழந்த நல்வாழ்வின் சின்னமாய் எஞ்சுகிறது. ஆண்டுகள் கழிந்தபின் அவளது பிறந்தநாளுக்கு அவன் அளிக்கும் மாலை, தந்தையென்றறியாது நீதிபதியிடமே திருடியது. வெறும் பேழையோடு வந்து நிற்கும் நீதிபதியும், அவர் பரிசையே தன் பரிசாக அளித்த மகனும் எதிர்ப்படும் அக்காட்சியில், உண்மையறிந்தோர் பார்வையாளர் மட்டுமே. படத்தின் திகிலெல்லாம் இத்தகைய அறிவு வேறுபாட்டிலேயே பிறக்கின்றது. நாயகனின் உண்மைத் தந்தையாகிய பிருதிவிராஜ் கபூரே நீதிபதியாக நடித்தமை இதனை மேலும் கூர்மையாக்குகின்றது.

எனினும் ஓரிடத்துப் படம் வழுவுகின்றது. கடற்கரையிற் காதலியை ராஜ் அடிக்கின்றான். அவளோ பணிந்து விடுகின்றாள். தாயைத் துரத்திய வன்மையே மகன் கையிலும் எழுந்தது என்பதைக் காணாது, அதனைக் காதலின் வேகமெனவே படம் காட்டி அமைகின்றது.

மற்றொரு குறை இதனினும் பெரிது. வழக்குமன்றத்தில் ரீட்டா வழக்கறிஞராக நின்று, குலத்தாலன்றிச் சூழலாலேயே குற்றம் பிறக்கிறதென நிறுவுகின்றாள். ஆயின் அவள் காப்பது நீதிபதியின் மகனை. நற்குடிப் பிறந்தோன் சூழலாற் கெட்டான் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. கள்வர் குடிப் பிறந்தோன் நல்லோனாதல் கூடும் என்பதற்கோ சான்று காட்டப்படவில்லை. அதற்குரிய சான்று ஜக்காவே. செய்யாத குற்றத்திற்குத் தண்டனையுற்ற முதல்வன் அவன். அவன் ராஜின் கையால் மடிகின்றான். அவனுக்காக வாதிட எந்த ரீட்டாவும் எழவில்லை.

இக்குறைகள் உளவேனும் படத்தின் முடிவு நேர்மையானது. காதலின் பொருட்டுச் சட்டம் வளைக்கப்படவில்லை; ராஜ் மூன்றாண்டுச் சிறையேற்க, ரீட்டா காத்திருக்க உறுதி கூறுகின்றாள். 1954இல் சோவியத் நாட்டு மக்களும் இப்படத்தைப் பெரிதும் விரும்பிக் கண்டனர். பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் நீதி எந்நாட்டிற்கும் தீதென்பதை, அரைகுறையாகவேனும் நெஞ்சிற் பதியுமாறு உரைத்தமையே ‘ஆவாரா’வின் பெருமை.